பேஷன்ட் கேர் அசிஸ்டன்ட் வேலைக்கு சேந்து 11 நாள், தாக்குப்புடிப்பேனான்னு தெரியல

தண்டையார்பேட்டை22

எல்லாருக்கும் வணக்கம். வயசு 22, பிளஸ் டூ முடிச்சிட்டு ரெண்டு வருஷம் பார்சல் டெலிவரி ஓட்டினேன், வண்டி இன்ஜின் சீஸ் ஆயி அதை சரி பண்ண காசு இல்லாம வீட்ல ஒக்காந்திருந்தப்போ பக்கத்து தெரு அண்ணன் ஒருத்தர் சொல்லி ஒரு தனியார் ஆஸ்பத்திரில சேந்தேன். பேரு பெருசா பேஷன்ட் கேர் அசிஸ்டன்ட். வேலைன்னு பாத்தா பெட்பேன் வைக்கணும், டயப்பர் மாத்தணும், ஒடம்பு தொடைச்சு விடணும், ஸ்கேனுக்கு ஸ்ட்ரெச்சர் தள்ளணும். காலைல 8 டு நைட் 8. ட்ரெயினிங்னு மொத நாள் ரெண்டு மணி நேரம் வீடியோ போட்டாங்க, அப்புறம் நேரா வார்டு.

என் வார்டுல ஸ்ட்ரோக் வந்த ஒரு ஐயா இருக்காரு, எப்படியும் 80 கிலோ இருப்பாரு, எடது பக்கம் கை கால் வரல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பொரட்டிப் போடணுமாம். பொரட்டி பொரட்டி எனக்கே இடுப்பு போச்சு. மத்தியானம் டப்பாவை தொறந்தா அந்த வாசனை தான் ஞாபகம் வருது, அம்மா கட்டிக் குடுத்த சோறு அப்படியே திரும்பி வருது. அம்மா வேற தெருல எல்லாருக்கும் "ஆஸ்பத்திரில ஆபீஸ் வேலை"ன்னு சொல்லி வெச்சிருக்கு.

இன்னொண்ணு. சாயங்காலம் கூட்டமா இருந்தா ஒரு சிஸ்டர் "தம்பி அந்த டிரிப்ஸ் பாட்டிலை மாத்திடு"ங்குறாங்க. ஒரு தடவை மாத்திட்டேன், கை நடுங்கிடுச்சு. இதெல்லாம் நான் பண்ணலாமா? மாட்டேன்னு சொன்னா வேலை போயிடுமா? இந்த ஃபீல்டுல இருக்கறவங்க சொல்லுங்க.

எண்ணூர் பையன்

இன்னாத்துக்கு மச்சி இந்த பேஜாரு. வண்டிய ரெடி பண்ணிட்டு திரும்ப ஓட்டு, மழைல நனைஞ்சாலும் அவன் மூத்திரத்தை நீ அள்ள வேணாம்ல.

வியாசர்பாடி அக்கா

மேல பேசினவரு நாளைக்கு அவங்க அப்பா படுத்தா யாரு அள்ளுவாங்கன்னு யோசிச்சிட்டு பேசட்டும். அதை விடு.

தம்பி, நான் 9 வருஷமா இதே வேலைதான். எங்க அம்மா ஸ்டான்லி ஆஸ்பத்திரில படுத்திருந்தப்போ கூட இருந்து பாத்துப் பாத்து கத்துக்கிட்டது, அப்புறம் அதுவே பொழப்பாயிடுச்சு. உன் இடுப்பு போனதுக்கு ஐயாவோட வெயிட் காரணம் இல்ல, நீ தனியா தூக்குற. 80 கிலோ ஆளை ஒத்த ஆளா பொரட்டக் கூடாது. ஒரு பெட்ஷீட்டை ரெண்டா மடிச்சு அவருக்கு அடில தோள்ல இருந்து தொடை வரைக்கும் வர்ற மாதிரி போட்டு வெச்சிடு, அதை எடுக்கவே எடுக்காத, அந்த பக்கம் ஒருத்தர் இந்த பக்கம் நீ, துணிய சுருட்டிப் புடிச்சு ஒண்ணு ரெண்டு மூணுன்னு எண்ணி ஒரே நேரத்துல இழுத்தா பூ மாதிரி வருவாரு. கட்டில் ஏத்தி எறக்குற மாதிரி இருந்தா உன் இடுப்பு ஒசரத்துக்கு ஏத்திக்க, முட்டிய மடக்கு, முதுகை வளைக்காத. முக்கியமா அந்த வராத கையைப் புடிச்சு இழுத்துடாத, தோள்பட்டை எறங்கிடும், அப்புறம் அவரு வலில கத்துவாரு.

சட்டை போடும்போது வராத கையை மொதல்ல நுழை, கழட்டும்போது நல்ல கையை மொதல்ல கழட்டு. இதை எவனும் எனக்கு சொல்லித் தரல, ஒரு பாட்டிய ரெண்டு மாசம் அழ வெச்சுதான் கத்துக்கிட்டேன், இப்போ நெனைச்சாலும் கஷ்டமா இருக்கும்.

பொரட்டுறப்போ இடுப்பு எலும்பு, பின்பக்கம், குதிகால் எல்லாம் பாரு. நம்ம கலர்ல செவப்பு தெரியாது தம்பி, அந்த எடம் மட்டும் கூட கொஞ்சம் கறுத்து, தொட்டா சூடா, கல்லு மாதிரி இருக்கும். அங்க தேய்க்காத, பவுடர் கொட்டாத, ஒடனே சிஸ்டர்கிட்ட காட்டு. குதிகால் மெத்தைல படாம கெண்டைக்காலுக்கு அடில தலகாணி வை. படுக்கைப் புண்ணு வந்துட்டா ஆற மாசக்கணக்காகும், அப்போ வர்ற வாடைக்கு முன்னாடி இந்த டயப்பர் வாடை ஒண்ணுமே இல்ல.

வாசனைக்கு மாஸ்க் உள்ள லேசா விக்ஸ் தடவிக்க. டயப்பர் மாத்தின கையோட சாப்பிடப் போகாத, மூஞ்சி கழுவி யூனிஃபார்ம் மேல் சட்டைய மாத்திட்டு பத்து நிமிஷம் வெளிய காத்து வாங்கிட்டு போ. ஒரு மாசத்துல மூக்கு பழகிடும். எனக்கு மொத வாரம் முழுக்க மோரும் வாழப்பழமும்தான்.

நைட் டியூட்டி

நான் ஸ்டாஃப் நர்ஸ், வண்ணாரப்பேட்டை. அக்கா சொன்னது அத்தனையும் கரெக்ட்.

டிரிப்ஸ் விஷயம்: மாத்தாதீங்க. பாட்டில் தீரப் போகுதுன்னு சொல்றது உங்க வேலை, மாத்துறது எங்க வேலை. டிரிப்ஸ் டியூப்ல இருக்கற அந்த உருளைய ஏத்தி எறக்கி வேகத்தை மாத்துறதும், ஆக்சிஜன் கூட்டி கொறைக்கறதும், மாத்திரை குடுக்கறதும் அப்படித்தான். பாட்டில் பாக்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், உள்ள பொட்டாசியம் கலந்திருக்கான்னு உங்களுக்கு எப்படி தெரியும்? தப்பாச்சுன்னா அந்த சிஸ்டர் "நான் சொல்லவே இல்ல"ன்னு ஒரே வார்த்தைல போயிடுவாங்க, என் ஆளுங்கதான், இருந்தாலும் சொல்றேன். நேரா மாட்டேன்னு சொல்ல வேணாம், "பாட்டில் எடுத்து வெக்கறேன் சிஸ்டர், நீங்க வந்து மாட்டுங்க"ன்னு சொல்லுங்க. மறுபடி மறுபடி நடந்தா இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட போங்க.

உங்க கண்ணுதான் எங்களுக்கு வேணும். நான் ஒரு ஷிஃப்ட்ல ஒரு பெட்டுகிட்ட மொத்தமா அரை மணி நேரம் நின்னா பெருசு, நீங்கதான் நாள் பூரா நிக்கறீங்க. யூரோ பேக்ல, அதான் மூத்திரம் சேர்ற பை, ரெண்டு மணி நேரமா ஒண்ணும் எறங்கலையா, மொதல்ல டியூப் காலுக்கு அடில மடங்கியிருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஒடனே சொல்லுங்க. பேக் எப்பவும் வயித்துக்கு கீழ தொங்கணும், ஆனா தரையில படக் கூடாது, ஸ்ட்ரெச்சர்ல தள்ளும்போது நெஞ்சு மேல தூக்கி வெச்சிடுவாங்க, அது தப்பு, மூத்திரம் திரும்ப உள்ள போகும். காலைல நல்லா பேசினவரு சாயங்காலம் கொழர்றாருன்னாலும் ஒடனே சொல்லணும், டீ குடிச்சிட்டு சொல்லிக்கலாம்னு இருக்காதீங்க.

எந்த ஆஸ்பத்திரி குப்பை எந்த கலர் டப்பாலன்னு மனப்பாடம் பண்ணிக்குங்க, 2016 ரூல்ஸ். ரத்தம் பட்ட பஞ்சு, டிரஸ்ஸிங் மஞ்சள். டிரிப்ஸ் டியூப், யூரோ பேக், கிளவ்ஸ் செவப்பு. ஊசி, பிளேடு வெள்ளை டப்பா. கண்ணாடி பாட்டில் நீலம். பெட்ஷீட் மடிக்கும்போது உள்ள ஊசி கெடக்கும், ஒதறாதீங்க. குத்திடுச்சுன்னா பிதுக்காதீங்க, வாய் வெக்காதீங்க, ஓடுற தண்ணில சோப்பு போட்டு கழுவிட்டு அப்பவே ரிப்போர்ட் பண்ணுங்க. எச்ஐவி தடுப்பு மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூணு டோஸ் இருக்கு, போட்டாச்சா?

ராயபுரம்வாசி

சம்பளம் பத்தி யாரும் கேக்கல, நான் கேக்கறேன். ஆஸ்பத்திரி நேரா குடுக்குதா, கான்ட்ராக்ட் ஏஜென்சியா? ஏஜென்சின்னா பிஎஃப் கணக்குக்கான யுஏஎன் நம்பர், ஈஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவ காப்பீடு) நம்பர் ரெண்டையும் மொத மாசமே கேட்டு வாங்கு. சம்பளம் 21,000 வரைக்கும் ஈஎஸ்ஐ உண்டு, உன் பங்கு 0.75 பர்சன்ட், 12,000 சம்பளம்னா மாசம் 90 ரூபா, முதலாளி 3.25 பர்சன்ட் போடணும். உன்னை நம்பி இருக்கற அம்மாவுக்கும் அதுல வைத்தியம் பாக்கலாம், நம்ம பக்கத்துக்கு அயனாவரம் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரி இருக்கு. என் மச்சான் சம்பளத்துல புடிச்சானுங்க, ஆனா ஒரு வருஷம் கட்டவே இல்ல. ஆன்லைன்ல செக் பண்ணு, வாய்ல சொல்றதை நம்பாத.

தண்டையார்பேட்டை22

அக்கா, சிஸ்டர், அண்ணே, ரொம்ப தேங்க்ஸ். நாலு நாள் கழிச்சு எழுதறேன். பெட்ஷீட் வித்தை சூப்பர், ஹவுஸ்கீப்பிங் அண்ணனை கூப்டுக்கறேன், அவருக்கு நான் மாப்பு தண்ணி தூக்கிக் குடுக்கறேன், டீலிங். டிரிப்ஸுக்கு சிஸ்டர் சொன்ன மாதிரியே சொன்னேன், அவங்க ஒரு மொறை மொறைச்சாங்க, ஆனா வந்து மாட்டிட்டாங்க. ஊசி மொத டோஸ் நேத்து போட்டாச்சு. யுஏஎன் கேட்டா "அடுத்த மாசம் வரும்"ங்குறான் ஏஜென்சிக்காரன்.

நேத்து சட்டை மாத்தும்போது ஐயா அவரே நல்ல கையால பட்டன் போட ட்ரை பண்ணாரு. நீ எந்த ஏரியான்னு கேட்டாரு, சொன்னேன். அவரு காசிமேட்டுல 30 வருஷம் மீன்புடி படகு ஓட்டினவராம், எங்க தாத்தாவைக்கூட தெரியுமாம். இப்போ ஒரே ரோதனை, டீ வேணும் டீ வேணும்ங்குறாரு. அவரு பொண்ணு ஃபிளாஸ்க்ல கொண்டு வந்து வெச்சிருக்கு. ரெண்டு வாய் குடுக்கலாமா?

நைட் டியூட்டி

கேக்காம ஒரு சொட்டு கூட வேணாம். ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு முழுங்க வருதான்னு டெஸ்ட் பண்ணிப் பாக்கணும், இல்லன்னா டீ நொரையீரலுக்குள்ள போயி நிமோனியால கொண்டு விட்டுடும். அந்த பொண்ணுகிட்டயும் சொல்லிடுங்க. பாத்துட்டாங்களான்னு டியூட்டி டாக்டர்கிட்ட கேளுங்க.

தண்டையார்பேட்டை22

கேட்டேன் சிஸ்டர். நாளைக்கு காலைல பாக்கறேன்னாரு. ஃபிளாஸ்க்கை இப்போதைக்கு நர்சிங் ஸ்டேஷன்ல குடுத்து வெச்சிருக்கேன், ஐயா என்கூட பேசல.