புதுப்பிப்பு: 4294967297-இன் இரண்டாவது காரணி

2-இன் 32-ஆம் அடுக்குடன் 1-ஐக் கூட்டினால் கிடைக்கும் 4294967297 பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். கணிதவியலாளர் ஃபெர்மா இதைப் பகா எண் என்று நம்பினார். 1732-இல் இன்னொரு கணிதவியலாளர் ஆய்லர் 641 × 6700417 எனப் பிரித்துக் காட்டினார். "6700417 பகா எண்தானா, கையாலேயே சரிபார்க்க முடியுமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நேற்று இரவு உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிட்டேன். முடியும்!

4294967297-இன் எந்தப் பகாக் காரணியும் 128-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்கும்; 6700417-இன் பகாக் காரணிகள் அதற்கும் காரணிகள் என்பதால் அவையும் அப்படித்தான். இது பிரெஞ்சுக் கணிதவியலாளர் லூக்கா நிறுவியது. 6700417-இன் வர்க்கமூலம் 2588 சொச்சம். அதுவரை அந்த வடிவில் உள்ள பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 மட்டுமே. ஐந்தே வகுத்தல்! மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை, ஆக 6700417 பகா எண்தான். நூற்றுக்கணக்கான வகுத்தல்களுக்குத் தயாராக இருந்த எனக்கு இது பெரிய சந்தோஷம்.

அப்புறம் இன்னொன்று. 4294967297 என்பது 65536² + 1² என்று பார்த்தவுடன் தெரியும். 62264² + 20449² என்றும் எழுதலாம். ஒற்றைப்படைப் பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூடுதலாக எழுத ஒரு வழிக்கு மேல் கிடையாது. இங்கே இரண்டு வழி இருக்கிறதே! 641-ஐத் தொடாமலேயே இது பகு எண் என்று சொல்லிவிடலாம்.