எதிரயனியா, ஈடயனியா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

ஒளி உமிழும் இணைவுப் பலபடிகளைப் (ஒற்றை, இரட்டைப் பிணைப்புகள் மாறி மாறி அமைந்த நீள்சங்கிலி மூலக்கூறுகளை) பற்றி எழுதும்போது, பலபடியின் மின்னூட்டத்தை நடுநிலையாக்க உடனிருக்கும் அயனியான ‘கவுன்ட்டர் அயான்’ (counterion) என்பதை ‘எதிரயனி’ எனக் குறிக்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. எதிர்மின்னூட்டம் கொண்ட அயனிக்கே அச்சொல் தமிழில் வழங்கி வருகிறது. பலபடியின் பக்கக் கிளைகளில் நேர்மின்னூட்டமுள்ள அம்மோனியத் தொகுதிகள் இருந்தால் அவற்றை நடுநிலையாக்கும் புரோமைடு எதிர்மின்னூட்டம் உடையது என்பதால் இடர் எதுவும் தோன்றாது. ஆனால் கிளைகளில் எதிர்மின்னூட்டமுள்ள சல்போனேட்டு இருக்குமாயின் அப்பணியைச் செய்வது சோடியம். நேர்மின்னூட்டமுள்ள சோடியத்தை எதிரயனி என்று எழுதினால் படிக்கும் மாணவர் குழம்புவது உறுதி.

இத்துறையில் இந்த அயனியின் தேர்வே ஒளி உமிழும் சாதனத்தின் இயல்பைப் பெரிதும் மாற்றுவதால், சொல் தெளிவாக இருப்பது இன்றியமையாதது. சிறிய புரோமைடை நீக்கிப் பருமனான போரேட்டு அயனியை அமர்த்தினால், திண்மப் படலத்தில் பலபடிச் சங்கிலிகள் ஒன்றோடொன்று நெருங்கித் திரள்வது குறைகிறது. திரட்சியால் வீணாகும் ஆற்றல் குறைவதால் ஒளிர்வு கூடுகிறது. சங்கிலிகள் இவ்வாறு விலகுவதால் உண்டாகும் அதே இடைவெளி, சங்கிலிக்குச் சங்கிலி மின்னூட்டம் தாவுவதைக் கடினமாக்கவும் கூடும். முதன்மைச் சங்கிலியில் ஓர் அணுவைக்கூட மாற்றாமல் இவ்வளவும் நிகழ்வது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஆகவே ‘ஈடயனி’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். மின்னூட்டத்தை ஈடு செய்வதே இதன் பணி. 1995இல் அறிவிக்கப்பட்ட ஒளி உமிழ் மின்வேதிக் கலத்திற்கும் இது பொருந்துகிறது: அங்கே பலபடியோடு பாலிஎத்திலீன் ஆக்சைடும் லித்தியம் உப்பும் கலந்திருக்க, மின்னழுத்தம் தந்ததும் நேர்மின்வாய்க்கு அருகே ஆக்சிசனேற்றமடையும் சங்கிலியை உப்பின் எதிர்மின் அயனியும், எதிர்மின்வாய்க்கு அருகே ஒடுக்கமடையும் சங்கிலியை லித்தியமும் ஈடு செய்கின்றன. இரு பக்கத்துக்கும் ஒரே சொல் போதும்.

வேறு சொற்களையும் எண்ணிப் பார்த்தேன். ‘துணையயனி’ என்றால் இல்லாமலும் இயலும் என்ற பொருள் தொனிக்கிறது. ‘இணையயனி’ இணைவுப் பலபடியோடு மயங்கும். ‘மாற்றயனி’ என்பதோ அயனிப் பரிமாற்றத்தை நினைவூட்டும்.

ஈடயனியிலிருந்து ‘ஈடயனிப் பரிமாற்றம்’, ‘ஈடயனிப் பருமன்’ ஆகிய தொடர்களை எளிதில் ஆக்கலாம். ‘அயன்’ என்று எழுதும் இலங்கை நண்பர்கள் ‘ஈடயன்’ என அமைத்துக்கொள்ளலாம். மறுப்பு இருப்பின், நேர்மின், எதிர்மின் ஆகிய இரு வகைப் பலபடிகளுக்கும் பொருந்தும் மாற்றுச் சொல்லுடன் தெரிவிக்க வேண்டுகிறேன்.