கூத்து வீடியோவுக்கு கெப்ஷன் போட எந்த சொப்ட்வெயார் நல்லம்?

எழுவான்கரையான்:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட ஊர்ல விடிய விடிய ஆடின வடமோடிக் கூத்து ஒண்ட முழுசா வீடியோ எடுத்து வச்சிரிக்கம், கூத்துப் பழக்கின அண்ணாவியாரோட கதைச்ச நீளமான பேட்டி ஒண்டும் இரிக்கி. ரெண்டுக்கும் தமிழ்ல கெப்ஷன் போடணும், காது கேளாத ஆக்களும் பாக்கணும், வெளிநாட்டில பிறந்த எங்கட பிள்ளைகளும் பாக்கணும். கையில இரிக்கிறது விண்டோஸ் லெப்டொப், ரெம் 4 ஜீபி. காசு குடுத்து வாங்க வசதி இல்ல. நீங்க என்ன பாவிக்கிறீங்க?

வாவிக்கரை:
லெப்டொப்ப மூடி வைங்க தம்பி. போன்ல கெப்கட் எண்ட அப் போதும். எழுத்த டைப் பண்ணி, கலர் குடுத்து, வீடியோவோட சேத்து எடுத்தா வேலை முடிஞ்சுது. எங்கட சனம் பேஸ்புக்கையும் டிக்டொக்கையும் போன்லதான் பாக்குது, அரைவாசிப் பேர் சத்தம் வைக்காம பஸ்ஸுக்குள்ள இருந்து பாக்குறாங்க. எழுத்து தானா கண்ணுல படணும், அதுக்கு ஒரு பட்டனத் தேடி அமத்திற ஆக்கள் இல்ல.

படுவான்கரை:
வாவிக்கரை சொல்லுறது எழுத்த வீடியோவுக்குள்ளயே பதிச்சு விடுற வேலை. பதிச்சா மறுகா அத எடுக்கவும் ஏலா, திருத்தவும் ஏலா. ஒரு எழுத்துப் பிழை கண்டாலும் முழு வீடியோவையும் திரும்ப உருவாக்கி திரும்ப ஏத்தணும், ராத்திரி முழுக்க ஆடின கூத்துக்கு அது எவ்வளவு டேட்டா எண்டு யோசிச்சுப் பாருங்க. சப்டைட்டில் எடிட் எண்ட சொப்ட்வெயார இறக்குங்க. இலவசம், ஓப்பன் சோர்ஸ், விண்டோஸ்ல லேசா ஓடும். சத்தத்தட அலைய கீழ காட்டும், எங்க பேச்சு தொடங்குது எங்க முடியுது எண்டு கண்ணாலயே பாத்து இழுத்து வைக்கலாம். கடைசியில நேரமும் வசனமும் மட்டும் இரிக்கிற எஸ்ஆர்டி எண்டு ஒரு குட்டி பைல் வரும், அத நோட்பேட்லயும் திறக்கலாம். யூடியூப்புக்கும் அதே பைல், பேஸ்புக்குக்கும் அதே பைல், பேஸ்புக்குக்கு மட்டும் பைல் பேர்ட முடிவில மொழிக் குறி வரணும், அவ்வளவுதான். நாளைக்கு ஒருத்தர் இங்கிலீசிலயோ சிங்களத்திலயோ மாத்த வந்தா நேரமெல்லாம் தயாரா இரிக்கி, வசனத்த மட்டும் மாத்தினாப் போதும்.

வாவிக்கரை:
எல்லாம் சரி, பாக்கிற ஆள் கெப்ஷன ஓன் பண்ணாட்டி அந்த பைல் இருந்தென்ன இல்லாட்டியென்ன?

நாவற்குடா டீச்சர்:
நான் காது கேளாத பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறன், அதனால இதில ஒரு வார்த்தை சொல்லியே ஆகணும். கதைக்கிறத மட்டும் எழுதினா அது கெப்ஷன் ஆகாது. மத்தளம் எப்ப தொடங்குது, சல்லரி எப்ப வேகம் பிடிக்குது, சனம் எங்க கைதட்டுது, திரைக்குப் பின்னால இருந்து ஆர் பாடுறது, இதெல்லாம் எழுத்தில வரணும். [மத்தளம் வேகமாக] எண்டு ஒரு வரி வந்தாத்தான் ஆட்டக்காரர் ஏன் திடீரெண்டு சுத்துறார் எண்டு என்ட பிள்ளைக்கு விளங்கும். வாவிக்கரை தம்பி, பளபளக்கிற கலர்ல ஒவ்வொரு சொல்லா துள்ளி வாற எழுத்த வாசிக்க எங்கட பிள்ளைகள் படுற பாட்ட நீங்க ஒருக்கா பக்கத்தில இருந்து பாக்கணும். தனி பைல் எண்டா பிள்ளை தனக்கு ஏத்த மாதிரி எழுத்தப் பெருசாக்கும், பின்னுக்கு கறுப்ப வைக்கும். பதிச்ச எழுத்தில அதுக்கு வழியே இல்ல.

அக்கரைப்பற்று நானா:
கூத்துக்கு ஏஜிசப் எண்ட சொப்ட்வெயார்தான் சரி எண்டு நான் சொல்லுவன். பாட்டுக்கு ஒவ்வொரு சொல்லா நேரம் வைக்கலாம், ஆடுறவர் ஒரு கலர், பிற்பாட்டுக்காரர் ஒரு கலர் எண்டு பிரிக்கலாம், மேக்கிலயும் லினக்சிலயும் ஓடும். அதுவும் இலவசம்தான்.

படுவான்கரை:
நானா, ஏஜிசப் நல்ல சாமான், மறுக்கல்ல. ஆனா அதுட அழகெல்லாம் ஏஎஸ்எஸ் எண்ட வகை பைல்லதான் இரிக்கி, யூடியூப் ஏத்துக்கிற பைல் வகையில ஏஎஸ்எஸ் இல்ல. எஸ்ஆர்டியா மாத்தின உடனே நீங்க ஒவ்வொரு சொல்லுக்கும் வச்ச நேரமும் கலரும் போயிரும், மிஞ்சுறது வெறும் வரி. அப்ப அந்த உழைப்பு என்னத்துக்கு?

அக்கரைப்பற்று நானா:
டிவிடி அடிக்கவும் மண்டபத்தில திரை கட்டிப் போடவும் ஆக்கள் கேக்கிறாங்களே, அங்க கலர் வேணும்.

எழுவான்கரையான்:
ஒரு சந்தேகம். விஸ்பர் எண்டு ஒரு ஏஐ சத்தத்தக் கேட்டு தானா எழுதுமாம், சப்டைட்டில் எடிட்டுக்குள்ளயே இரிக்காம். பேட்டிய அதிட்ட குடுத்தா பாதி வேலை குறையுமா?

படுவான்கரை:
விஸ்பர் ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பர்ல வெளியிட்டது, தமிழும் அதில இரிக்கி. ஆனா அப்ப அதப் பழக்கின 680,000 மணித்தியால ஒலியில பெரும்பங்கு இங்கிலீசுதான், இங்கிலீசில்லாத 96 மொழிக்கும் சேத்து கிடைச்சது 117,000. அதுக்குள்ள தமிழ், அதுக்குள்ள எங்கட மட்டக்களப்புப் பேச்சு எவ்வளவு இரிக்கும் எண்டு நீங்களே பாருங்க. இன்னும் ஒண்டு, விஸ்பர்ட பெரிய மொடலுக்கு கிராபிக்ஸ் கார்ட்ல கிட்டத்தட்ட 10 ஜீபி மெமரி கேக்கும், உங்கட லெப்டொப்பில சின்ன மொடல்தான் ஓடும், தமிழுக்கு அது காணாது.

நாவற்குடா டீச்சர்:
அதோட ஆரும் கதைக்காத இடத்தில, இசை மட்டும் போற இடத்தில, இல்லாத வசனத்த அது தானா எழுதி வைக்கிறதும் நடக்கிறது. கூத்தில மத்தளம் மட்டும் எவ்வளவு நேரம் போகும்! கேக்கிற ஆள் பிழையக் கண்டு பிடிப்பார், கேளாத பிள்ளை அதயும் நம்பித்தான் வாசிக்கும். பேட்டிக்கு வேணுமெண்டா முதல் வரைவா எடுங்க, ஒரு ஆள் கேட்டுக் கேட்டு திருத்தணும். கூத்துக்கு வேணாம், அண்ணாவியார்ட கூத்துப் பாட்டுக் கொப்பிய வச்சு டைப் பண்ணுங்க.

எழுவான்கரையான்:
அந்தக் கொப்பிய ஆரோ முந்தி பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்சு வச்சிரிக்காங்க.

படுவான்கரை:
அப்ப முதல் வேலை அத யுனிகோட்டுக்கு மாத்துறது. பாமினிய அப்படியே ஒட்டினா பாக்கிறவங்களுக்கு இங்கிலீஸ் எழுத்துக் கூட்டமாத்தான் தெரியும். சேவ் பண்ணக்குள்ள யுடிஎப் 8 எண்டு பாத்து சேவ் பண்ணுங்க, இல்லாட்டி வெறும் கேள்விக்குறியா வரும்.

வரி நீளத்திலயும் கவனம். நெட்பிளிக்ஸ் இங்கிலீசுக்கு ஒரு வரிக்கு 42 எழுத்து, ஒரு தடவைக்கு ரெண்டு வரி, கூடினது 7 செக்கன் எண்டு வச்சிரிக்கி. அந்த 42ஐ அப்படியே தமிழுக்குத் தூக்கி வைக்காதீங்க. "மட்டக்களப்பு" எண்டா கண்ணுக்கு 8 எழுத்து, யுனிகோட் கணக்கில புள்ளியும் உகரக் குறியும் தனித்தனியா எண்ணி 12. அந்தக் கணக்கில எண்ணுற சொப்ட்வெயார் நல்ல வரியையும் நீளம் எண்டு சிவப்பில காட்டும். மறுபக்கம் ண, ஞ மாதிரி எழுத்தெல்லாம் அகலம், போன் திரையில கெதியா மூணாவது வரிக்கு இறங்கிரும். அதனால எண்ணுறத விட்டுட்டு போன்ல போட்டுப் பாத்து வரிய உடைங்க, உடைக்கக்குள்ள கருத்து முடியிற இடத்தில உடைங்க.

அக்கரைப்பற்று நானா:
பிற்பாட்டுக்கு என்ன செய்யப் போறீங்க? ஆடுறவர் பாடின அதே வரியத்தானே அவங்க திரும்பப் பாடுறாங்க. எல்லாத்தையும் எழுதினா திரை நிறைஞ்சு ஆட்டத்தப் பாக்க ஏலாமப் போகும். [பிற்பாட்டு] எண்டு மட்டும் போடுங்க.

நாவற்குடா டீச்சர்:
நானா, அதில நான் ஒத்துக்க மாட்டன். கேக்கிற ஆளுக்கு அந்த வரி ரெண்டாந்தரமும் காதில விழுது, கேளாத ஆளுக்கு மட்டும் ஏன் குறைக்கணும்? முதல் தரம் வாசிக்கத் தவறின பிள்ளை ரெண்டாந்தரத்தில பிடிச்சுக்கொள்ளும். வரி அப்படியே திரும்ப வரட்டும், முன்னுக்கு பிற்பாட்டு எண்டு ஒரு சொல் போதும்.

வாவிக்கரை:
டீச்சர் சொன்ன பிறகு முழுக் கூத்துக்கு தனி பைல்தான் எண்டு நானும் சொல்லுறன். ஆனா சனத்த கூட்டி வாறதுக்கு ஒரு நிமிசத் துண்டுகள் வேணும், அதில எழுத்த பதிச்சுத்தான் விடணும், அத விட்டுக்குடுக்க மாட்டன். சப்டைட்டில் எடிட்ல அடிச்ச அதே வரிய எடுத்து துண்டுக்குப் போடுங்க, கலர் நான் குறைச்சுத் தாறன், வெள்ளை எழுத்து கறுப்புப் பின்னணி.

எழுவான்கரையான்:
சரி, சப்டைட்டில் எடிட்ட இறக்கிட்டன். பாமினிக் கொப்பிய மாத்திட்டு பேட்டியில இருந்து தொடங்குறன், முதல் துண்டுட எஸ்ஆர்டிய இங்க போடுவன். டீச்சர், பிள்ளைகளுக்குக் காட்டி எங்க வேகம் கூட, எங்க விளங்கல்ல எண்டு சொல்லுங்க. பிற்பாட்டு விசயத்த அண்ணாவியார்ட்டயும் கேட்டுட்டு வாறன்.

அக்கரைப்பற்று நானா:
கேளுங்க. அவரும் [பிற்பாட்டு] போதும் எண்டுதான் சொல்லுவார்.