இடிப்பிலிருந்து தப்பிய துறைமுக உணவகம், அப்புறம் என்ன ஆகும்?

நெய்தல்:
வணக்கம். துறைமுகப் பகுதிகளை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டங்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன், ஒரு விஷயம் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. கப்பலில் சரக்கு இறக்கியவர்கள் சாப்பிட்ட பழைய உணவகம் ஒன்று இருக்கும், அதை இடிக்கத் திட்டம் வரும், மக்கள் திரண்டு எதிர்ப்பார்கள், கட்டடம் தப்பிவிடும். செய்தி அத்தோடு முடிந்துவிடுகிறது. சில வருடம் கழித்துப் பார்த்தால் அதே சுவர், அதே பெயர்ப்பலகை, ஆனால் நடத்துவது வேறு யாரோ, பழைய ஆட்கள் ஒருவர்கூட உள்ளே நுழைய முடியாத விலை. மரபுச் சின்னம் என்று அறிவித்தாலும் பெரும்பாலும் இடிக்கக் கூடாது, முகப்பை மாற்றக் கூடாது என்பதோடு சரி. அங்கே அடுப்பு தொடர்ந்து எரிவதற்கும் வழி செய்த ஊர்கள் உண்டா?

பழம்பக்கம்:
உண்டு. சியாட்டில் பைக் பிளேஸ் சந்தையைப் பாருங்கள். 1907இல் தொடங்கியது, எலியட் விரிகுடாவைப் பார்த்தபடி மேட்டின் விளிம்பில் நிற்கிறது, ஏதீனியன், லோவெல்ஸ் மாதிரியான பழைய உணவகங்கள் உள்ளே இருக்கின்றன. 1960களில் சந்தையைத் தரைமட்டமாக்கிவிட்டு ஹோட்டல், அலுவலகங்கள், வாகன நிறுத்தம் எல்லாம் கட்டத் திட்டம் போட்டார்கள். விக்டர் ஸ்டைன்ப்ரூக் என்ற கட்டடக் கலைஞர் முன்னின்று போராடி, 1971 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பு வரை கொண்டுபோய் ஜெயித்தார்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் அதற்கு அப்புறம் நடந்ததில்தான் இருக்கிறது. அங்கே ஒரு வரலாற்று ஆணையம் அமைத்தார்கள், அது சுவரை மட்டும் பார்ப்பதில்லை, அந்தக் கடையில் என்ன தொழில் நடக்கிறது என்பதையும் பார்க்கிறது. மீன் விற்ற இடத்தில் வேறு எதையோ விற்க நினைத்தால் ஆணையத்தின் முன் போய் நின்று அனுமதி வாங்க வேண்டும். பல ஊர்களில் கிளை பரப்பிய கடைகளுக்கு அங்கே பொதுவாக இடம் கிடையாது, ஸ்டார்பக்ஸ் அந்தச் சந்தையிலேயே வளர்ந்தது என்பதால் விதிவிலக்கு. அதோடு கட்டடங்களில் பெரும்பாலானவை நகரம் 1973இல் அமைத்த ஒரு பொது நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. வாடகைக்கு விடுபவரே சந்தையைக் காப்பாற்றுவதற்காக இருக்கும்போது பாதிப் பயம் போய்விடுகிறது.

தூண்மேடை:
சான் பிரான்சிஸ்கோவின் ரெட்ஸ் ஜாவா ஹவுஸ் உங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. விரிகுடாப் பாலத்துக்குப் பக்கத்தில் 30ஆம் எண் துறைமேடையில் ஒரு சின்னக் கொட்டகை, துறைமுகத் தொழிலாளர்கள் காலையிலேயே வந்து புளித்த மாவு ரொட்டியில் வைத்த பர்கரும் பீரும் சாப்பிட்ட இடம். அந்தத் துறைமேடையில் கூடைப்பந்து அரங்கம் கட்ட வாரியர்ஸ் அணி 2012இல் திட்டம் போட்டது, 2014இல் கைவிட்டு வேறு இடத்துக்குப் போனது. நீர்முனையில் உயர வரம்பைத் தாண்டிக் கட்ட வேண்டுமானால் மக்கள் வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும் என்ற விதியும் அதே வருடம் ஜூனில் வாக்கெடுப்பில் வந்தது.

தொழிலைக் காப்பாற்றுவது பற்றிக் கேட்டீர்கள் இல்லையா, அதே ஊர் 2015இல் 30 வருடத்துக்கு மேல் நடக்கும் கடைகளுக்கென்று தனிப் பதிவேடு தொடங்கியது. பதிவேட்டில் உள்ள கடைக்கு மானியம் உண்டு, அதைவிட எனக்குப் பிடித்தது, அந்தக் கடைக்குக் குறைந்தது 10 வருடக் குத்தகை எழுதித் தரும் கட்டட உரிமையாளருக்கும் மானியம் உண்டு. ஒரு சமையல்காரர் கையில் 10 வருடக் குத்தகை இருந்தால் அடுப்பை மாற்றுவார், ஆள் சேர்ப்பார். மாதாமாதம் வாடகை புதுப்பிக்கிற நிலைமையில் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டார்.

கரையோரன்:
சிட்னி வூலூமூலூவையும் சேர்த்துப் பாருங்கள், நெய்தல் பயப்படுவது அங்கே நடந்திருக்கிறது. 1915இல் கட்டி முடித்த, 410 மீட்டர் நீள மரத் துறைமேடை. 1980களில் இடிக்க முடிவெடுத்தார்கள், 1991 ஜனவரியில் ஊர்க்காரர்கள் வாசலை மறித்தார்கள், தொழிற்சங்கங்கள் அந்த வேலைக்கு ஆள் அனுப்ப மாட்டோம் என்று தடை போட்டன. மேடை தப்பியது, அந்தப் போராட்டத்துக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். ஆனால் இன்று அதன் மேல் இருப்பது சொகுசு ஹோட்டலும் விலையேறிய வீடுகளும் உணவகங்களும்தான்.

இன்னொன்று, தண்ணீருக்கு மேல் நிற்கும் கட்டடத்தில் பணத்தை விழுங்குவது கீழே இருக்கும் தூண்கள். அலை ஏறி இறங்கும் மட்டத்தில் மரம் உளுக்கும், கப்பல் புழு உள்ளுக்குள் துளைக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. கடைக்காரரின் வருமானத்தில் அந்தத் தூண்களைப் பழுதுபார்க்கவே முடியாது. ஹாங்காங் ஜம்போ மிதக்கும் உணவகத்தை யாரும் இடிக்க வரவில்லை, 2020இல் மூடினார்கள், இலவசமாகத் தருகிறோம் என்றும் பராமரிப்புச் செலவை ஏற்க ஆள் வரவில்லை. 2022 ஜூனில் இழுத்துக்கொண்டு போகும்போது தென்சீனக் கடலில் கவிழ்ந்தது. அதனால் எந்த உணவகத்தைக் காப்பாற்றக் கிளம்பினாலும் தூண் செலவு யார் தலையில் என்பதை முதலில் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

நெய்தல்:
மிக்க நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை. தூண் விஷயம் என் கண்ணில் படவே இல்லை. இன்னும் ஒரு கேள்வி, நிலம் தனியாருடையது, அவரே விற்கப்போகிறார் என்றால் என்ன செய்வது?

பழம்பக்கம்:
இங்கிலாந்தில் 2011இல் கொண்டுவந்த சட்டம் ஒரு வழி கொடுத்தது. ஊருக்குப் பயன்படும் இடம் என்று உள்ளாட்சியின் பட்டியலில் ஏற்றிவிட்டால், உரிமையாளர் விற்க முன்வரும்போது ஊர்க்குழு வாங்க விருப்பம் தெரிவித்து ஆறு மாதம் விற்பனையை நிறுத்திவைக்கலாம். பல மதுக்கூடங்களை ஊர்க்காரர்கள் பங்கு போட்டு வாங்கியது இப்படித்தான். ஆனால் ஆறு மாதம் முடிந்தபின் யாருக்கு விற்பது என்பது உரிமையாளர் முடிவுதான், ஊருக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. ஆகவே விற்பனை அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே பட்டியலில் ஏற்றிவிட்டுப் பணம் சேர்க்கத் தொடங்க வேண்டும்.