எக்ஸ்-பிரஸ் பேர்ள்: கடல்நீர் முடிவுகளைப் பொதுவெளியில் எப்படிச் சொல்வது?

கேள்வி (வேதியியலாளர், வெள்ளவத்தை): 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் கடலில் எரிந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலின் பிளாஸ்டிக் மணிகள் (பிளாஸ்டிக் பொருள் செய்யும் மூலப்பொருள்) பற்றி எழுதினால், ஒரு பக்கம் "கம்பனி ஆள்", மறுபக்கம் "அரசியல்" என்கிறார்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?

பதில் 1: அளந்ததையும் பொறுப்பையும் ஒரே வசனத்தில் போடாதீங்க. "இந்தக் கரையில், இந்தத் தேதியில், ஒரு சதுர மீற்றரில் இத்தனை மணி" என்பது உங்கட தரவு. அது அந்தக் கப்பலின் மணிதான் என்பது வேற வாதம். அதுக்கு எரிந்த துண்டுகள், எஃப்.டி.ஐ.ஆர். நிறமாலை (அகச்சிவப்பு ஒளியால் பிளாஸ்டிக் வகையைக் காட்டும் சோதனை), விபத்துக்கு முந்திய மாதிரி எல்லாம் வேணும். பழைய மாதிரி இல்லாட்டி எதிர்த்தரப்பு முதலில் அங்கதான் பிடிக்கும். இன்னொன்று, "கண்டறியப்படவில்லை" என்றால் பூச்சியம் இல்லை. கருவியின் கண்டறியும் எல்லையையும், அதாவது அது காணக்கூடிய ஆகக் குறைந்த அளவையும், எழுதுங்க. அதை விட்டால் மறுநாளே "கடல் சுத்தம்" என்று பரப்புவாங்க.

பதில் 2: பொறுப்பைப் பற்றிக் கேட்டால் தீர்ப்பைக் காட்டுங்க: 2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் (Supreme Court) கப்பல் தரப்பை 1 பில்லியன் அமெரிக்க டொலர் இழப்பீடு கட்டச் சொன்னது. அரச நிறுவனத்தின் அறிக்கை தேவையெண்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்க. "எல்லா ஆவணமும்" என்று கேட்க வேண்டாம். மாதிரி எடுத்த இடம், மாதம், அளவுரு (எதை அளந்தது) என்று குறித்துக் கேளுங்க. முடிவு சொல்ல 14 வேலை நாள்.

பதில் 3: நிதி யார் தந்தது என்பதை முதல் வரியிலேயே போடுங்க. அரச ஊழியர் என்றால் ஊடகத்துக்குப் பேச முன் தாபன விதிக்கோவையை (அரச ஊழியருக்கான விதித் தொகுப்பு) பாருங்க.