தவில் சாதகத்துக்கு வீட்டில் செய்த எலக்ட்ரானிக் பேட்: வேகம் கூடினால் பாதி அடி விழவில்லை

நீடாமங்கலம்_தம்பி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் படிக்கிறேன். தவில் கற்க ஆரம்பித்து ஏழு வருடம் ஆகிறது. வீடு நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். வரிசையாக ஓட்டு வீடுகள், எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டில் பிள்ளை பிறந்து இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. பஸ் பிடித்து வந்து, சாப்பிட்டு உட்காரும்போது மணி எட்டைத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் தவிலை மடியில் வைக்க மனம் வரவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் தோல் வேறு இறங்கிப்போய், விரலால் வாசிக்கும் முகமான வலந்தலையில் நாதமே நிற்பதில்லை.

அதனால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிக்க ஒரு பேட் செய்தேன். மெல்லிசைக் கச்சேரியில் வாசிக்கிற பேட் மேலே பார்த்துத் தட்டையாக இருக்கும். தவிலுக்கு அது சரிப்படாது. இரண்டு கையும் பக்கவாட்டில் இறங்க வேண்டும். வீட்டில் போர் போட்டபோது மீந்த ஏழு அங்குல பிவிசி பைப் ஒன்று கிடந்தது. அதை ஒன்றரை அடிக்கு அறுத்து, இரண்டு வாயிலும் வட்டமான பிளைவுட் பலகை பொருத்தி, மேலே சைக்கிள் டியூப் ரப்பரை இழுத்து ஒட்டினேன். ஒவ்வொரு பலகைக்கும் பின்னால், அதிர்ந்தால் மின்சாரம் தரும் 35 மில்லிமீட்டர் பீசோ தகடு ஒன்று. தகட்டின் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு மெகா ஓம் ரெசிஸ்டர். அங்கிருந்து அர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையின் ஏ0, ஏ1 பின்கள். அது அடியை லேப்டாப்புக்குச் சொல்லும், சத்தம் அங்கிருந்து வரும்.

கோடுக்கு (ப்ரோகிராமுக்கு) அர்டுயினோவோடு வருகிற 'நாக்' எடுத்துக்காட்டைத்தான் பின்பற்றினேன். அதில் ஒவ்வொரு சுற்றிலும் 100 மில்லி செகண்டு டிலே, அதாவது எதையும் படிக்காமல் சும்மா நிற்கும் நேரம், இருக்கிறது. அப்படியே ஓட்டினால் மெதுவான அடியே தவறியது. டிலேயை முழுக்க எடுத்தால் ஒரே அடி மூன்று நான்காகக் கேட்டது. கடைசியில் அடி விழுந்தால் மட்டும் டிலே ஓடும்படி இஃப்புக்குள் நகர்த்தினேன்.

முதல் காலம், இரண்டாம் காலம் வரை அருமையாக இருக்கிறது. மெட்ரோனோமில் 100 வைத்து, தட்டுக்கு எட்டு அடியாக 'தரிகிட தரிகிட' என்று ஓட்டினால் பாதி காணாமல் போகிறது. ஒரு முறை முப்பத்திரண்டு அடி வாசித்து, லேப்டாப்பில் எத்தனை பதிவானது என்று எண்ணினேன். பதினேழு!

வேறு மூன்று குறையும் உண்டு. மறு முகமான தொப்பியில் கழியால் அடித்தால் வலந்தலையும் சேர்ந்து ஒலிக்கிறது. லேப்டாப் சார்ஜரைச் செருகினால் யாரும் தொடாமலே அடி விழுகிறது. சத்தம் வேறு கைக்குப் பின்னால் வருகிறது; ப்ளூடூத் ஹெட்போனில் கேட்டால் லயமே நிற்கவில்லை. ஒரு அடிகூட விழுங்காத பேட் எனக்கு வேண்டும். எதை முதலில் சரி செய்யலாம்?

மாயவரம்_அக்கா

தம்பி, எண்ணிப் பார்த்துச் சொன்னாயே, அதிலேயே விடை இருக்கிறது. மெட்ரோனோம் 100 என்றால் ஒரு தட்டு 600 மில்லி செகண்டு. அதில் எட்டு அடி என்றால் அடிக்கு அடி 75. முதல் அடி விழுந்ததும் உன் கோடு 100 மில்லி செகண்டு கண்ணை மூடிக்கொள்கிறது. இரண்டாவது அடி 75-இல் வந்து அடங்கியும் விடுகிறது. மூன்றாவது அடி 150-இல் வரும்போதுதான் கண் திறந்திருக்கிறது. ஒன்று விட்டு ஒன்று. முப்பத்திரண்டில் பதினேழு வந்தது தற்செயல் இல்லை.

இன்னொன்று, வலந்தலைக்காக டிலே ஓடும்போது தொப்பியையும் யாரும் பார்ப்பதில்லை. டிலே என்ற சொல்லே இந்தக் கோடில் இருக்கக் கூடாது. ஓட ஆரம்பித்து எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லும் 'மில்லிஸ்' வைத்து ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் கணக்கு வைத்துக்கொள்.

ஒரே அடி மூன்றாகக் கேட்டதற்குக் காரணம், அடித்த பிறகும் பலகை அதிர்ந்துகொண்டே இருப்பதுதான். அந்த அதிர்வு ஏறி இறங்கி ஏறும். ஒவ்வொரு ஏற்றமும் உன் கோடுக்குப் புது அடியாகத் தெரியும். இதற்குக் கண்ணை மூட வேண்டியதில்லை, வாசற்படியை, அதாவது எந்த அளவைத் தாண்டினால் அடி என்று எடுத்துக்கொள்வது என்ற எல்லையை, உயர்த்தினால் போதும். அளவு வாசலைத் தாண்டியதும் 2 மில்லி செகண்டு தொடர்ந்து படித்து, வந்ததில் பெரியதை எடு. அதுதான் அடியின் பலம். உடனே வாசலை அந்தப் பலத்தில் முக்கால் பங்குக்குத் தூக்கிவிடு. அங்கிருந்து 25, 30 மில்லி செகண்டில் மெல்லப் பழைய இடத்துக்கு இறங்கட்டும். பழைய அடியின் எதிரொலி உயர்ந்த வாசலுக்குக் கீழேயே அடங்கிவிடும். புது அடி வந்தால் தாண்டிவிடும். எத்தனை மில்லி செகண்டு என்பதை உன் பலகைதான் சொல்ல வேண்டும். அளவுகளைத் திரையில் வரைந்து பார்த்து முடிவு செய்.

ஊனோவில் ஒரே அளவீட்டுக் கருவிதான் எல்லா பின்னுக்கும் மாறி மாறி வேலை செய்கிறது. ஏ0-வில் பெரிய அளவைப் படித்த கையோடு ஏ1-ஐப் படித்தால் பழையதின் மிச்சம் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு பின்னையும் இரண்டு முறை படித்து முதலாவதைத் தூக்கிப் போடு. ஒரு படிப்புக்குச் சுமார் 0.1 மில்லி செகண்டுதான்.

சீரியல் வேகம் இன்னும் 9600-இல்தானே இருக்கிறது? அதில் ஒரு எழுத்து போகவே ஒரு மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். 'நாக்' என்று ஆங்கிலத்தில் எழுதி வரியை முடித்தால் எட்டு எழுத்து. 115200-க்கு மாற்று, எழுத்துக்குப் பதில் மிடி (வாத்தியக் கருவிகளும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) செய்தியின் மூன்று பைட்டை மட்டும் அனுப்பு. முடிந்தால் ஊனோவை விட்டு லியனார்டோ அல்லது ப்ரோ மைக்ரோ வாங்கிக்கொள். அவற்றில் இருக்கும் 32யு4 சிப் யுஎஸ்பி வழியே நேராக மிடி கருவியாகவே லேப்டாப்புக்குத் தெரியும், நடுவில் வேறு மென்பொருள் தேவையில்லை.

தாமதத்துக்கு முதல் வேலை, வயர் ஹெட்போன். ப்ளூடூத்தை இதற்கு மறந்துவிடு. அப்புறம் ஒலி மென்பொருளில் பஃபர் (சத்தத்தை வெளியே விடுமுன் சேர்த்துவைக்கும் அளவு) எவ்வளவு என்று பார். நொடிக்கு 44,100 மாதிரி என்ற வேகத்தில் 1024 மாதிரி என்றால் 23 மில்லி செகண்டு அங்கேயே போய்விட்டது. 128 என்றால் மூன்றுக்குள். விண்டோஸ் என்றால் தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ4ஆல் டிரைவர் போட்டுக்கொள். உன் எதிரே ஒரு மீட்டர் தள்ளி ஒருவர் வாசித்தாலே சத்தம் காதுக்கு வர மூன்று மில்லி செகண்டு ஆகும், அது கைக்குத் தெரியாது.

குடந்தை_ரேடியோ

தம்பி, நான் முப்பது வருடமாக ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பார்க்கிறேன். மெல்லிசைக் குழுக்களின் பேட் பழுதானால் என்னிடம்தான் வரும். ரோலண்ட் 1985-இல் கொண்டுவந்த பேட்-8, அதாவது முதல் ஆக்டோபேட், தன்னளவில் சத்தமே போடாது. அடியை அளந்து மிடியாக அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. நீ செய்வதும் அதே வேலைதான். ஆகவே அளப்பதைச் சுத்தமாகச் செய், சத்தத்தைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் உன் ஊனோவைக் காப்பாற்று. பீசோ தகட்டைக் கழியால் ஓங்கி அடித்தால் பல பத்து வோல்ட் வரும். ஒரு மெகா ஓம் மட்டும் அதைத் தடுக்காது. தகட்டிலிருந்து பின்னுக்குப் போகும் வழியில் தொடராக ஒரு 10 கிலோ ஓம், பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே, அதற்கு மேல் வோல்ட் ஏறவிடாத 5.1 வோல்ட் செனர் டயோடு போடு. டயோடில் வளையம் போட்ட முனை ஊனோவின் பின்னோடு சேரட்டும். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு டீக் காசுதான் செலவு.

தொப்பி அடி வலந்தலையில் கேட்பதற்குக் காரணம் அந்த பைப். பிவிசி விறைப்பானது, ஒரு வாயில் தட்டினால் மறு வாய்க்கு அப்படியே கடத்தும். பைப்பை நடுவில் இரண்டாக அறுத்துவிடு. இரண்டு துண்டுக்கும் நடுவே விரல் கனம் இடைவெளி விட்டு, டிராக்டர் டியூபை ஒரு சாண் அகலத்துக்கு வெட்டி மேலே உறைபோல மாட்டு. உங்கள் பக்கம் பஞ்சர் கடையில் கேட்டால் கிழிந்த டியூப் கொடுப்பார்கள். பலகையும் பைப்பின் விளிம்பில் நேராக உட்காரக் கூடாது, நடுவில் ரப்பர் வளையம் இருக்கட்டும்.

சார்ஜர் செருகினால் தானாக அடி விழுகிறது என்றால், பெரும்பாலும் அந்தப் பிளக்கில் எர்த் வேலை செய்யவில்லை. பேட்டரியில் ஓட்டிப் பார். நின்றுவிட்டால் அதுதான் காரணம். எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தைச் சரி செய். அது உன் உயிருக்கும் நல்லது. பீசோவிலிருந்து வரும் ஒயரை சாதாரண ஒயராக வைக்காதே. மைக்குக்குப் போடுகிற ஷீல்டு ஒயர் போட்டு, பின்னலைக் கிரவுண்டில் சேர்.

சால்டர் வைக்கும்போது வெள்ளைப் பகுதியில் இரும்பை இரண்டு நொடிக்கு மேல் வைக்காதே, வெள்ளிப் பூச்சு பெயர்ந்து வந்துவிடும். என்னிடம் வருகிற வீட்டுப் பேட்டுகளில் பாதிக்கு மேல் அந்த இடத்தில் ஒயர் அறுந்துதான் வரும். ஒயரைத் தகட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சொட்டுப் பசையால் பலகையோடு ஒட்டிவிடு.

திருவாரூர்_மேளம்

எனக்கு சர்க்யூட் தெரியாது தம்பி. தவில் வாசிக்கிறவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

சைக்கிள் டியூப் ரப்பரில், தவிலுக்கு மாட்டும் விரல் கூடு போட்ட விரல் போய் மோதினால் ஒட்டிக்கொண்டு எழும். தோலில் வழுக்கி எழும். அந்த வித்தியாசத்திலேயே ஆறு மாதம் சாதகம் செய்தால், மறுபடி தோலுக்கு வரும்போது விரல் தடுமாறும். உன் வாத்தியார் வலந்தலை மாற்றும்போது கழித்துப் போட்ட தோல் இருந்தால் கேட்டு வாங்கி, மெல்லிய ஃபோம் மேல் இழுத்துக் கட்டு. தொப்பிக்கு வேறு மாதிரி. அது தளர்ந்து கொடுக்க வேண்டும். எங்கள் பையன் ஒருவன் அரிசி மில் சல்லடையின் நைலான் வலையை இரண்டு மடிப்பாக இழுத்துக் கட்டி வைத்திருக்கிறான். பூவரசங்கழி அதில் நன்றாகத் திரும்பி எழுகிறது.

இரண்டாவது, நீங்கள் எல்லோரும் ஒரு பக்க அடி மறு பக்கம் கேட்பதை நோய் மாதிரி பேசுகிறீர்கள். எங்கள் தியாகராஜர் கோயில் பஞ்சமுக வாத்தியத்தைப் பார்த்திருக்கிறாயா? ஒரே குடம், ஐந்து வாய். நடு முகம் பெரியது. ஒரு முகத்தில் அடித்தால் குடம் முழுக்க அதிரும். அந்த நாதம் அப்படித்தான் பிறக்கிறது. தவிலும் பலாமரத்தில் குடைந்த ஒரே கட்டை. தொப்பியில் ஓங்கி அடித்தால் வலந்தலை லேசாக முனகும். அதை முழுக்க அறுத்துவிட்டால் ஹெட்போனில் கேட்பது இரண்டு தனித்தனி வாத்தியமாக இருக்கும். அடியின் எண்ணிக்கையில் கலப்பு வேண்டாம், சரி. நாதத்தில் கொஞ்சம் இருக்கட்டும்.

அந்தச் சத்தத்துக்கு இணையத்தில் கிடைப்பதை எடுக்காதே. ஞாயிறு மதியம் உன் தவிலையே பதிவு செய். ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என்று பல முறை.

மாயவரம்_அக்கா

மேளக்கார அண்ணன் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. தம்பி, தொப்பியைத் தனியாக அடித்துப் பதிவு செய்யும்போதே வலந்தலையின் முனகலும் சேர்ந்து பதிவாகிவிடும். ஆகவே கோடில் கலப்பை நீக்கு, நாதம் பதிவிலிருந்து வரட்டும். ஆனால் 5 மில்லி செகண்டுக்குள் இரண்டு பக்கமும் அளவு வந்தால் சிறியதைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடாதே. பெரியதில் எட்டில் ஒரு பங்குக்கும் கீழே இருந்தால் மட்டும் தள்ளு. தவிலில் இரண்டு கையும் சேர்ந்து விழும் அல்லவா.

நீடாமங்கலம்_தம்பி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

பைப்பை அறுத்து டிராக்டர் டியூப் மாட்டினேன். முன்பு தொப்பியில் 800 அளவுக்கு அடித்தால் வலந்தலையில் 300 வரும். இப்போது 60-ஐத் தாண்டவில்லை. செனர், ஷீல்டு ஒயர் இரண்டும் போட்டாயிற்று. ரேடியோ ஐயா சொன்னபடி பிளக்கைத் திறந்து பார்த்தால் எர்த் ஒயர் இணைக்கவே இல்லை. எலக்ட்ரீஷியன் வந்து சரி செய்தார். அதற்குப் பிறகு பேய் அடி விழவில்லை.

கோடை முழுக்க மாற்றி எழுதினேன். அதே 100, அதே தட்டுக்கு எட்டு. முதல் முறை முப்பத்திரண்டுக்கு முப்பத்தொன்று. அந்த ஒன்று எங்கே போனது என்று இரவு பன்னிரண்டு வரை தேடினேன். கழி ஓங்கி விழும்போது சுண்டுவிரல் மெதுவாக விழுகிற இடம் அது. எட்டில் ஒரு பங்கைப் பத்தில் ஒரு பங்காக்கினேன். முப்பத்திரண்டும் வந்தது. பத்து முறை திரும்பத் திரும்ப வாசித்தேன், பத்து முறையும் வந்தது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்லத் தெரியவில்லை.

வாத்தியாரிடம் பழைய வலந்தலைத் தோல் கேட்டேன். எதற்கு என்று விசாரித்தவர், மறுநாள் வீட்டுக்கே வந்துவிட்டார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கூடு போட்ட விரலால் நாலு ஆவர்த்தம் வாசித்தார். வலந்தலை ஓரத்தில் அடித்தாலும் நடுவில் அடித்தாலும் ஒரே சத்தம் வருகிறது என்பதைச் சுட்டிக்காட்டினார். உண்மைதான், ஒரே தகடு இருக்கும்வரை அது தெரியாது. ஓரத்தில் இரண்டாவது தகடு ஒட்டி, இரண்டின் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி. கழி விழுகிற 'தொம்' தரை வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. இப்போதைக்கு நாலாக மடித்த ஜமுக்காளத்தின் மேல் உட்கார்ந்து வாசிக்கிறேன். பிள்ளையின் அம்மாவிடம் கேட்டேன், தொந்தரவாக இல்லை என்றார்.

குடந்தை_ரேடியோ

ஜமுக்காளத்துக்குக் கீழே சைக்கிள் டியூபைக் காற்றடித்து வளையமாகப் போட்டு, அதன் மேல் ஒரு பலகை வை. பலகை சுவரைத் தொட வேண்டாம்.

மாயவரம்_அக்கா

கோடை இங்கே போடு தம்பி. இரண்டாவது தகட்டுக்கு எந்த இடத்தில் என்ன சேர்க்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.

நீடாமங்கலம்_தம்பி

வெள்ளிக்கிழமை வரை தேர்வு இருக்கிறது அக்கா. சனிக்கிழமை காலையில் போடுகிறேன்.