சுழிக்குக் கீழே போன வட்டிக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம். மாரியோ டிராகி பற்றிய கட்டுரை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 2006 முதல் 2011 வரை இத்தாலிய வங்கியின் ஆளுநர், பிறகு 2019 அக்டோபர் வரை ஐரோப்பிய மத்திய வங்கித் தலைவர். இதுவரை சிக்கலில்லை. 2014 ஜூனில் நிற்கிறேன். வங்கிகள் மத்திய வங்கியில் ஓர் இரவுக்கு விட்டுவைக்கும் பணத்துக்கான வட்டி அப்போது −0.10% ஆனது, அதாவது பணம் வைத்த வங்கியே மத்திய வங்கிக்குக் கொடுக்க வேண்டும். செப்டம்பரில் −0.20, 2015 டிசம்பரில் −0.30, 2016 மார்ச்சில் −0.40, அவர் விடைபெறும் முன் −0.50. ‘குறை வட்டி’ என்று எழுதியிருக்கிறேன். பாடநூலில் சுழிக்குக் கீழான எண்களுக்குக் குறை முழுக்கள் என்றுதான் பெயர். சரிதானே?
– தா.

சரியில்லை. குறை வட்டி என்பது வினைத்தொகையாகிவிடும்: குறைந்த வட்டி, குறைகின்ற வட்டி. 2012 ஜூலையில் இதே வட்டியை 0.25-இலிருந்து சுழிக்குக் கொண்டுவந்தார்கள். அதுதான் குறைந்த வட்டி. 2014-இல் நடந்தது வேறு. வாசகர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார். எங்கள் இலங்கைப் பாடநூல்களில் நேர், மறை என்றே படிக்கிறோம். ‘மறை வட்டி’ என்று போடுங்கள்.
– ந.

ந. ஐயா, உங்கள் விதியே மறை வட்டிக்கும் பொருந்தும். இங்கே தமிழ்நாட்டில் அதை ‘மறைத்து வாங்கும் வட்டி’ என்றுதான் படிப்பார்கள், கந்துவட்டிக்காரன் நினைவுக்கு வருவான். வேரைப் பாருங்கள். சோழர் கல்வெட்டுகளில் வட்டிக்குப் பொலிசை என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயிலில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை, அதாவது 12.5%. பொலிதல் என்றால் பெருகுதல். வட்டியை விருத்தியிலிருந்து வந்ததென்பாரும் உண்டு, அதுவும் வளர்ச்சிதான். தேய்வதற்கு வளர்ச்சியின் பெயரை எப்படி வைப்பது? கிடங்கில் மூட்டை வைத்தால் வாடகை கொடுக்கிறோம். இதுவும் அதுதான். ‘காப்புக்கூலி’.
– பொ.

காப்புக்கூலி அழகான சொல். ஆனால் பாதிக்குத்தான் பொருந்தும். வைப்புப் பக்கம் கணக்கு இப்படி: வங்கிகள் வைத்தே ஆக வேண்டிய கட்டாய இருப்பை மட்டும் விட்டுவிட்டு, மிஞ்சியதற்கு நாள்தோறும், ஆண்டுக்கு 360 நாள் என்று வைத்துப் பிடித்தார்கள். 100 கோடி யூரோவுக்கு −0.40% என்றால் ஓர் இரவுக்கு 11,111 யூரோ. இதைக் கூலி எனலாம். ஆனால் 2016-இல் டிராகி வங்கிகளுக்கு அறிவித்த நான்காண்டுக் கடனைப் பாருங்கள். தொழில்களுக்கும் குடும்பங்களுக்கும் போதிய அளவு கடனைக் கூட்டிய வங்கிக்கு அங்கேயும் −0.40% வரை கிடைத்தது. 100 கோடி வாங்கிய வங்கி ஏறத்தாழ 1.6 கோடி குறைத்துத் திருப்பிக் கொடுக்கும். கடன் கொடுத்தவரே பணமும் கொடுக்கிறார். இதில் யார் எதைக் காக்கிறார்? இரு பக்கமும் நிற்கும் சொல் வேண்டும். ‘எதிர்ம வட்டி’.
– ச.

ஒரு கிளைக்கேள்வி. வங்கிகள் பணத்தைத் தாளாக எடுத்துப் பெட்டகத்தில் பூட்டிக்கொண்டால் சுழி வட்டிதானே?
– தா.

பெட்டகம், காவல், காப்பீடு, வண்டிச் செலவு எல்லாம் சேர்ந்தால் 0.40-ஐத் தாண்டிவிடலாம். அதனால்தான் சுழிக்குக் கீழேயும் போக முடிந்தது. 500 யூரோ தாள் இருந்தால் இடம் மிச்சம். அதன் அச்சை நிறுத்த 2016 மே மாதம் முடிவெடுத்தார்கள். குற்றப் பணத்தைத் தடுக்கவே என்று வங்கி சொன்னது.
– ச.

எதிர்மம் என்றால் எதிர்மறை, கெடுதல் என்று தோன்றாதா?
– ந.

தோன்றட்டும். எதிர்ம மின்சுமையைப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புரியும்.
– ச.

நேரமில்லை. எதிர்ம வட்டி என்றே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் ‘சுழிக்குக் கீழான வட்டி’ என விளக்கமும், சொல்லடைவில் மறை வட்டியும் இருக்கும்.
– தா.

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். பொலியாததை வட்டி என்று நான் எழுத மாட்டேன். அடுத்து 2015 ஜனவரியில் அறிவித்த, மாதம் 6,000 கோடி யூரோப் பத்திரக் கொள்முதல் வருமே. அதற்கு ‘அளவுசார் தளர்வு’ என்று போட்டுவிடாதீர்கள். எதன் அளவு, எதில் தளர்வு என்று ஒருவருக்கும் விளங்காது.
– பொ.